கறுப்புக் காரில் தெரியும் வட்டங்கள்

இரவு நேரத்தில் பெட்ரோல் பங்க் விளக்கின் கீழே நிற்கும் ஒரு கறுப்புக் காரைப் பாருங்கள். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகியிருக்காது. பானெட்டில் விளக்கின் பிம்பம் பளிச்சென்று விழுந்திருக்கும். அதைச் சுற்றி, மயிரிழையைவிட மெல்லிய வெள்ளைக் கோடுகள் வட்டம் வட்டமாகத் தெரியும். டிடெய்லிங் கடைக்காரர்கள் இதை ‘ஸ்வர்ல்’ என்பார்கள்.

பார்ப்பவர்கள் முதலில் சந்தேகப்படுவது தினமும் வண்டி துடைக்கிறவரைத்தான். துணியை வட்டமாகச் சுழற்றித் தேய்த்திருக்கிறார், அதனால்தான் இந்த வட்டங்கள் என்று முடிவுகட்டிவிடுவார்கள். ‘இனிமேல் நேராகத் துடைப்பா’ என்று சொல்லியும் வைப்பார்கள்.

நீங்கள் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்து பாருங்கள். விளக்கின் பிம்பம் பானெட்டில் நகர்கிறது. வட்டங்களும் அதோடு சேர்ந்து நகர்கின்றன. கூரையில் நான்கு விளக்குகள் இருந்தால் நான்கு பிம்பங்கள், ஒவ்வொன்றையும் சுற்றித் தனித்தனி வட்டங்கள். பெயின்ட்டில் பதிந்த கீறல் நம் கூடவே எப்படி நடந்து வரும்?

வட்டங்கள் பெயின்ட்டில் இல்லை என்பதுதான் விடை. பெயின்ட்டில் இருப்பவை எல்லாத் திசைகளிலும் தாறுமாறாக ஓடும் ஆயிரக்கணக்கான நுண்கீறல்கள். அவற்றில் எவை நம் கண்ணுக்குத் தெரியவேண்டும் என்பதை விளக்கும் நாம் நிற்கும் இடமும் சேர்ந்து தீர்மானிக்கின்றன.

கீறல் என்பது நீளமான, மிகக் குறுகலான பள்ளம். அதன் சரிவுகளில் விழும் ஒளி கீறலின் நீளவாக்கில் சிதறுவதில்லை; கீறலுக்குக் குறுக்குவாக்கில் மட்டும் விசிறியாக விரிகிறது. அந்த விரிவுக்குள் நம் கண் அகப்பட்டால் கீறல் மின்னும். அகப்படாவிட்டால் அது அங்கே இருப்பதே தெரியாது. பிம்பம் விழும் புள்ளியை நோக்கி நீளும் கீறல்கள் தங்கள் ஒளியை நமக்கு இடமும் வலமுமாக வீசிவிடுகின்றன. அந்தப் புள்ளிக்குக் குறுக்காகக் கிடப்பவை நம் கண்ணை நோக்கி வீசுகின்றன. ஆகவே பிம்பத்துக்கு மேலும் கீழும் படுக்கைவாட்டுக் கீறல்கள் மட்டும் ஒளிரும், பக்கங்களில் செங்குத்தானவை ஒளிரும், மூலைகளில் சாய்வானவை. ஒளிர்கிற துண்டுகளை மட்டும் கண் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கும்போது வட்டம் பிறக்கிறது.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். பல வருடம் புழங்கிய எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அறையை இருட்டாக்கிவிட்டு செல்போன் டார்ச்சை ஒரே இடத்தில் பிடித்துக்கொண்டு பாருங்கள். பிம்பத்தைச் சுற்றி அதே வட்டங்கள் இருக்கும். இப்போது டார்ச்சையும் தலையையும் அசைக்காமல் தட்டை மட்டும் மெல்லச் சுழற்றுங்கள். தட்டோடு சேர்ந்து அதிலுள்ள எல்லாக் கீறல்களும் சுழல்கின்றன, ஆனால் வட்டங்கள் நின்ற இடத்திலேயே நிற்கும். ஒரு கீறல் வட்டத்துக்குள் வரும்போது மினுங்கி, தாண்டியதும் அணைந்துபோவதை உற்றுப் பார்த்தால் பிடிக்கலாம். லிஃப்ட் கதவில் இதன் மறுபாதி தெரியும். அந்த எஃகுத் தகட்டில் ஒரே திசையில் மட்டும் மெல்லிய கோடுகள் இழுத்திருப்பார்கள். அங்கே வட்டம் தெரியாது. விளக்கின் பிம்பம் கோடுகளுக்குக் குறுக்காக நீண்டு ஒரு பட்டையாகிவிடும். எல்லாத் திசையிலும் கீறல் இருந்தால்தான் வட்டம்; ஒரே திசையில் இருந்தால் பட்டை. துடைத்தவரின் கை எப்படிச் சுழன்றது என்பதற்கும் இந்த வட்டங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இந்தக் கீறல்களின் ஆழம் எவ்வளவு? இங்கே மில்லிமீட்டர் உதவாது. மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கான மைக்ரான் வேண்டும். தலைமயிரின் தடிமன் ஏறக்குறைய 70 மைக்ரான். காரில் தெரியும் நுண்கீறல்களில் பெரும்பாலானவற்றின் ஆழம் ஒரு மைக்ரானுக்குக் கீழே தொடங்கிச் சில மைக்ரானுக்குள் முடிந்துவிடும். அவ்வளவு சின்னது கண்ணுக்குத் தெரிவதற்குக் காரணம், ஒளியும் அதே அளவுக்கார ஆள் என்பதுதான். கண்ணுக்குப் புலப்படும் ஒளியின் அலைநீளம் 0.4 முதல் 0.7 மைக்ரான் வரை. ஒரு பரப்பின் மேடுபள்ளம் அலைநீளத்தில் எட்டில் ஒரு பங்குக்கும் குறைவாக இருந்தால் ஒளி அதைச் சமதளமாகவே எடுத்துக்கொள்ளும் என்று ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபு ஓர் அளவுகோல் வகுத்தார். கணக்குப் போட்டால் அது 0.1 மைக்ரானுக்கும் குறைவு. அதற்கு மேல் போகும் எந்தப் பள்ளமும் ஒளியைத் திசைதிருப்பிக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெள்ளைக் காரிலும் கறுப்புக் காரிலும் கீறல் ஒரே மாதிரிதான் விழுகிறது. வெள்ளைக் காரில் மேற்பரப்பைத் தாண்டி உள்ளே போகும் ஒளியில் பெரும்பகுதி எல்லாத் திசையிலும் சிதறித் திரும்பி வருகிறது. அந்த வெளிச்ச வெள்ளத்தில் கீறலின் மெல்லிய மினுக்கம் மூழ்கிவிடுகிறது. கறுப்பு நிறம் உள்ளே போன ஒளியை விழுங்கிவிடுவதால், மேற்பரப்பில் நடப்பது மட்டும் தனித்துத் தெரிகிறது. கறுப்பு வண்டி வைத்திருப்பவர்கள் அதிகம் கவலைப்படுவதற்கு இதுதான் காரணம்.

இனி ஒரு சொம்பு தண்ணீரைக் கீறல் விழுந்த இடத்தில் ஊற்றுங்கள். தண்ணீர் பரவிய இடத்தில் கீறல்கள் கிட்டத்தட்ட மறைந்துபோகும், பெயின்ட் புதிதுபோல் ஆழமாகத் தெரியும். காய்ந்ததும் கீறல்கள் திரும்ப வந்து நிற்கும். வண்டி கழுவும் எல்லாரும் பார்த்திருக்கிற இந்தக் காட்சிக்குள்தான் கார் பாலிஷ் வியாபாரத்தின் பாதி ரகசியம் இருக்கிறது.

ஒளி ஒரு பொருளுக்குள் நுழையும்போது எவ்வளவு வேகம் குறைகிறது என்பதைச் சொல்லும் எண்ணுக்கு ஒளிவிலகல் எண் என்று பெயர். காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, கார் பெயின்ட்டின் மேல்பூச்சுக்கு ஏறத்தாழ 1.5. இரண்டு பொருள்கள் சந்திக்கும் எல்லையில் எவ்வளவு ஒளி எதிரொளிக்கும் என்பது அவற்றின் எண்கள் எவ்வளவு விலகி நிற்கின்றன என்பதைப் பொறுத்தது. காற்றிலிருந்து பெயின்ட்டின்மேல் நேராக விழும் ஒளி 10,000 பங்கு என்று வைத்துக்கொண்டால், அதில் 400 பங்கு எதிரொளிக்கும். தண்ணீரிலிருந்து பெயின்ட்டுக்குள் போகும்போது அது 36 பங்காகச் சுருங்கிவிடுகிறது. கீறலின் பள்ளத்தில் தண்ணீர் தேங்கியதும் அதன் சரிவுகளில் பட்டுச் சிதறும் ஒளி பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடுகிறது. மேலே தண்ணீரின் மட்டமான பரப்பு புதிய கண்ணாடிபோல் அமைந்துவிடுகிறது. கீறல் அப்படியே இருக்கிறது. ஒளிக்குத்தான் அது தெரியவில்லை.

தண்ணீருக்குப் பதில் தேங்காய் எண்ணெய் தடவினால்? அதன் ஒளிவிலகல் எண் 1.45 அளவில் இருக்கிறது; பெயின்ட்டின் எண்ணுக்கு வெகு அருகில். 10,000 பங்கில் மூன்று பங்குதான் எதிரொளிக்கும். எண்ணெய் உடனே காய்வதும் இல்லை. பழைய வண்டியை விற்பதற்கு முன் எண்ணெய்த் துணியால் ஒரு துடை துடைப்பவர்கள் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்காமலே கண்டுபிடித்திருக்கிறார்கள். மெழுகும் எண்ணெயும் பிசினும் கலந்த பல பாலிஷ்கள் செய்வதும் இதே வேலைதான். பள்ளத்தை நிரப்பி ஒளியை ஏமாற்றும். நாலு முறை ஷாம்பு போட்டுக் கழுவினால் கரைந்துபோகும், கீறல் வெளியே வரும். இதை மோசடி என்று நான் சொல்லமாட்டேன். கல்யாணத்துக்கு வண்டி எடுத்துப் போகிறவருக்கு அது போதும். ஆனால் மறைத்ததை நீக்கியதாகச் சொல்லிப் பணம் வாங்கினால் அது தவறு.

உண்மையிலேயே நீக்குவது எப்படி என்று பார்ப்பதற்கு முன், நாம் கை வைக்கப்போகும் பொருளைத் தெரிந்துகொள்ளவேண்டும். காரின் எஃகுத் தகட்டுக்கு மேலே நான்கு அடுக்குகள் இருக்கின்றன. முதலில், முழு உடலையும் ஒரு பெரிய தொட்டியில் முக்கி மின்சாரம் பாய்ச்சிப் படியவைக்கும் துருத்தடுப்புப் பூச்சு. 20 மைக்ரான் அளவு. அதன்மேல் பிரைமர், 30 அல்லது 35 மைக்ரான். அதற்கு மேல் நிறம். இது 15 மைக்ரானை ஒட்டித்தான் இருக்கும். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடிபோல் தெளிந்த ஒரு பூச்சு. கிளியர் கோட் என்று சொல்லப்படும் இந்தத் தெளிபூச்சு 35 முதல் 50 மைக்ரான். நான்கையும் சேர்த்தால் ஜெராக்ஸ் கடையின் ஒரு தாளைவிடச் சற்றே தடிமன், அவ்வளவுதான். தெளிபூச்சு தலைமயிரைவிட மெல்லியது. நாம் பேசிக்கொண்டிருக்கும் எல்லா நுண்கீறலும் அந்த ஒரு அடுக்கின் மேல்முனையில்தான் நடக்கின்றன.

அம்பாசடர் காலத்து வண்டிகளுக்குப் பாலிஷ் போட்டவர்களுக்கு ஒன்று நினைவிருக்கும். நீல வண்டியைத் தேய்த்தால் துணி நீலமாகும். அவற்றில் நிறமும் மெருகும் ஒரே அடுக்கில் இருந்தன. இன்றைய வண்டியைத் தேய்த்தால் துணியில் நிறம் வருவதில்லை. தேய்வது நிறமற்ற தெளிபூச்சு. தேய்த்துக்கொண்டே இருக்கும்போது துணியில் வண்டியின் நிறம் தெரிந்தால், வண்டி ஒற்றை அடுக்குப் பெயின்ட் கொண்டதாக இருக்கவேண்டும். இல்லையென்றால் தெளிபூச்சைத் தாண்டிவிட்டோம்.

ஊர் மைதானத்தின் நடுவே ஒரு குழி விழுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்ணைப் போட்டுத் தூர்க்கலாம். மழை வந்தால் மண் கரைந்து குழி திரும்பும். இன்னொரு வழி, குழியின் அடிமட்டம் வரை மைதானம் முழுவதையும் வெட்டிச் சமன் செய்வது. குழி நிரந்தரமாகப் போய்விடும், மைதானமும் அத்தனை அடி தாழ்ந்துவிடும். பள்ளத்தில் எதையோ போட்டு அடைப்பதுதான் பாலிஷ் என்று பலரும் நினைக்கிறார்கள். நுண்கீறலை நிஜமாக நீக்கும் எந்த முறையும் இரண்டாவது வழியில்தான் வேலை செய்கிறது. கீறல் தன் இடத்தை விட்டு அசைவதில்லை. அதைச் சுற்றியிருக்கும் நல்ல பரப்பையெல்லாம் அதன் அடி வரைக்கும் சீவி இறக்குகிறோம். இரண்டு மைக்ரான் ஆழக் கீறல் போகவேண்டுமென்றால் அந்த இடம் முழுவதும் இரண்டு மைக்ரான் தெளிபூச்சு போகவேண்டும்.

சீவுவது என்றால் கீறுவதுதானே, கீறலைக் கீறலால் எப்படிப் போக்குவது என்று கேட்கலாம். இந்தக் கேள்விக்கு முன்னூறு வருட வரலாறு உண்டு. 1704-இல் வெளியான ‘ஆப்டிக்ஸ்’ நூலில் நியூட்டன் இதைத் தொட்டுப் பேசுகிறார். மணலாலோ பொடியாலோ கண்ணாடியைத் தேய்க்கும்போது அதன் ஒவ்வொரு துகளும் வழவழப்பாக முடியும் என்று எதிர்பார்க்க முடியாது. கீறல்கள் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிப்பொடியாக ஆகிவிடுவதுதான் மெருகு என்பது அவர் கருத்து. பெரிய கீறலைச் சிறிய கீறல்களாலும், அவற்றை இன்னும் சிறியவற்றாலும் மாற்றிக்கொண்டே போய், ஒளியின் அலைநீளத்துக்குக் கீழே இறங்கியதும் நிறுத்திக்கொள்ளலாம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜார்ஜ் பெயில்பி என்ற ஸ்காட்லாந்து வேதியியலாளர் இதை மறுத்தார். மெருகேற்றிய பரப்பை அமிலத்தில் லேசாக அரித்தபோது, மறைந்துபோன பழைய கீறல்கள் மீண்டும் தலைகாட்டின. அப்படியானால் தேய்க்கும்போது பொருளின் மேல்தோல் திரவம்போல் வழிந்து கீறல்களை மூடியிருக்கவேண்டும் என்று அவர் வாதிட்டார். 1937-இல் கேம்பிரிட்ஜில் பௌடனும் ஹியூஸும் செய்த சோதனை அவர் பக்கம் பேசியது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை அது. ஏறக்குறைய 70 டிகிரியில் உருகும் ‘உட் உலோகம்’ என்ற கலப்பு உலோகத்தைக் கற்பூரத்தால் தேய்த்தார்கள். பூஜையில் ஏற்றுகிற அதே கற்பூரம்தான். விரலால் நசுக்கினால் பொடியாகிவிடும். ஆனால் அது உருக 175 டிகிரிக்கும் மேல் வேண்டும். அந்த மிருதுவான கற்பூரம் உலோகத்தைப் பளபளவென்று மெருகேற்றியது. 232 டிகிரியில் உருகும் வெள்ளீயத்தை அதனால் ஒன்றும் செய்யமுடியவில்லை. அதாவது உராய்வில் சூடேறும்போது எது முதலில் இளகுகிறதோ அதுதான் மெருகேறுகிறது. கடினம் மட்டுமே எல்லாம் அல்ல.

பிறகு 1950-களில் ஆஸ்திரேலிய உலோகவியலாளர் லெனர்ட் சாமுவேல்ஸ், மெருகேற்றிய உலோகங்களைச் சாய்வாக வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தார். மிக நுண்ணிய பொடியும் மேற்பரப்பை உளிபோல் சீவித்தான் எடுக்கிறது என்று காட்டினார். பெயில்பி பார்த்த ‘திரும்பி வரும் கீறல்’களுக்கும் விளக்கம் கிடைத்தது. உலோகத்தில் கீறல் விழும்போது பள்ளத்துக்கு அடியிலும் உலோகம் நசுங்கி உருக்குலைகிறது. பள்ளத்தைச் சீவி எடுத்த பிறகும் அந்த நசுங்கிய பகுதி உள்ளே மிஞ்சுகிறது. அமிலம் அதை வேகமாக அரித்துப் பழைய தடத்தைக் காட்டிவிடுகிறது. மெருகேற்றலில் பெரும்பங்கு வெட்டுதான் என்ற நியூட்டனின் பார்வை இப்படி மீண்டும் எழுந்தது.

கார் பெயின்ட்டில் எது நடக்கிறது? தெளிபூச்சு ஒரு பிளாஸ்டிக். ஆனால் வாளி, குடம் செய்யும் பிளாஸ்டிக்கைப் போல் சூட்டில் உருகி ஓடாது. தொழிற்சாலை அடுப்பில் சுடும்போது அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் ஒன்றோடொன்று குறுக்கே பிணைந்து ஒரே வலையாகிவிடுகின்றன. குறுக்குப்பிணைப்பு என்று இதைச் சொல்வார்கள். பெட்ரோல் சிந்தினால் அது உடனே கரைந்துவிடாமல் இருப்பதும் இந்தப் பிணைப்பால்தான். உருகாத பொருளை வழித்துப் பூச முடியாது, வெட்டித்தான் ஆகவேண்டும். சூடு கொஞ்சம் இளக்கிக் கொடுக்கும், வெட்டுவது பொடிதான். பாலிஷ் போடும் மெஷினின் பஞ்சை அடிக்கடி பிரஷ்ஷால் சுத்தம் செய்கிறார்களே, அதில் அடைந்துகொள்வது பாலிஷ் மட்டுமல்ல. வண்டியிலிருந்து சீவி எடுத்த தெளிபூச்சும் சேர்ந்துதான்.

அந்தப் பொடி பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. மாணிக்கத்தின் மூலப்பொருள். கனிமங்களின் கடினத்தை 1 முதல் 10 வரை வரிசைப்படுத்தும் மோஸ் அளவுகோலில் அதற்கு 9. முரட்டுத் துகள்கள் கொண்டது காம்பவுண்ட், நுண்துகள் கொண்டது பாலிஷ். சில வகைப் பொடிகளில் சிறு துகள்கள் கொத்தாக ஒட்டியிருக்கும். தேய்க்கத் தேய்க்கக் கொத்து உடைந்து துகள் சிறுத்துக்கொண்டே போகும். தொடக்கத்தில் வேகமாக வெட்டி, முடிவில் மென்மையாக முடிக்கும். பற்பசையால் கீறல் போகும் என்று வீட்டு வைத்தியம் சொல்கிறார்களே, அதில் உண்மை இல்லாமல் இல்லை. பற்பசையில் கால்சியம் கார்பனேட்டோ சிலிக்காவோ நுண்பொடியாக இருக்கிறது. மிக மேலோட்டமான கீறலை அது குறைக்கும். ஆனால் அது பல்லுக்கு அளவெடுத்த பொடி. பானெட் முழுவதும் தேய்க்க நான் சொல்லமாட்டேன்.

நல்ல தொழிலாளி வேலையைத் தொடங்கும் விதமே தனி. முதலில் வண்டியைக் கழுவிக் காயவிடுவார். பிறகு கீறலுக்குக் குறுக்காக நகத்தை மெல்ல இழுப்பார். “சார், நீங்களே நகத்த வச்சுப் பாருங்க. தட்டுப்பட்டுச்சுன்னா இது பாலிஷ்ல போகாது, டச்சப்தான் பண்ணணும்” என்பார். நகம் சிக்கும் அளவுக்குப் பள்ளமென்றால் அதன் அடிமட்டம் வரை சீவுவது தெளிபூச்சையே காலி செய்துவிடும் என்பதுதான் அதற்குள் இருக்கும் கணக்கு. அடுத்து, பானெட்டின் ஒரு மூலையில் மாஸ்கிங் டேப் ஒட்டி இரண்டடிச் சதுரத்தைப் பிரித்துக்கொள்வார். அதில் மட்டும், இருப்பதிலேயே மென்மையான பாலிஷும் மென்மையான பஞ்சும் வைத்து மெஷினை ஓட்டிப் பார்ப்பார். போதவில்லை என்றால்தான் அடுத்த முரட்டுப் பொடிக்குப் போவார். டேப்பை உரித்ததும் ஒரே விளக்கின் கீழ் இரு பக்கமும் அருகருகே தெரியும். ஒரு பக்கம் வட்டங்களோடு வெளிறிய சாம்பல், மறுபக்கம் கிணற்று நீரின் கறுப்பு.

மெஷினிலும் வேறுபாடு உண்டு. ஒரே அச்சில் சுழலும் ரோட்டரி மெஷின் வேகமாக வெட்டும். ஆனால் அதன் தடங்கள் ஒழுங்கான வரிசையாக விழும். வெயிலில் அவை அசையும் பட்டைகளாகத் தெரியும். ஹாலோகிராம் என்று கடைகளில் இதைத்தான் சொல்கிறார்கள். இங்கே மட்டும் குறை கையின் மேலும் மெஷினின் மேலும்தான். சுழன்றுகொண்டே அச்சும் ஆடும் டூயல் ஆக்‌ஷன் மெஷின் ஒரே தடத்தில் திரும்பத் திரும்பப் போகாததால் அந்த வரிசை உருவாவதில்லை. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் அழுத்தம் ஒரு கோட்டில் குவிவதால் அங்கே தெளிபூச்சு சட்டென்று தேய்ந்துவிடும். அனுபவஸ்தர்கள் அந்த இடங்களில் டேப் ஒட்டிவிடுவார்கள். பம்பர் பிளாஸ்டிக் என்பதால் சூட்டைக் கடத்தாது. எஃகுத் தகடு தாங்கும் தேய்ப்பை அது தாங்காது.

தெளிபூச்சு எவ்வளவு மிச்சம் என்பதைப் பார்க்க ஒரு சின்னக் கருவி இருக்கிறது. எஃகின்மேல் காந்தத் தூண்டலாலும் அலுமினியத்தின்மேல் சுழல் மின்னோட்டத்தாலும் பெயின்ட்டின் தடிமனை மைக்ரான் கணக்கில் சொல்லும். ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்: அது சொல்வது நான்கு அடுக்கின் மொத்தம். 110 என்று காட்டினால் அதில் தெளிபூச்சு 45-ஆ, 25-ஆ என்று அதற்குத் தெரியாது. மற்ற இடங்களில் 110 காட்டி, ஒரு கதவில் மட்டும் 80 காட்டினால் அங்கே யாரோ ஏற்கெனவே நிறையத் தேய்த்திருக்கக்கூடும். 250, 300 என்று காட்டினால் அந்தக் கதவு மறுபடி பெயின்ட் அடிக்கப்பட்டது. பழைய கார் வாங்குகிறவர்கள் இந்தக் கருவியை இரவல் வாங்கியாவது கொண்டுபோகலாம்.

ஒரு மென்மையான மெருகேற்றலில் ஒரு மைக்ரானையொட்டிப் போகும். காம்பவுண்ட் போட்டுத் தேய்த்தால் இரண்டு, மூன்று. வாட்டர் பேப்பர் பிடித்தால் இன்னும் அதிகம். நாற்பது மைக்ரான் இருக்கிறதே என்று கணக்குப் போட்டு வருடாவருடம் தேய்க்கலாமா? கூடாது. தெளிபூச்சுக்குப் பளபளப்பு ஒரு வேலை, வெயிலைத் தாங்குவது இன்னொரு வேலை. புற ஊதாக் கதிரை உறிஞ்சிக்கொள்ளும் வேதிப்பொருள்களை அதற்குள் கலந்திருக்கிறார்கள். பூச்சு மெலிந்தால் அந்தப் பொருளும் குறைகிறது, அடியிலுள்ள நிறத்துக்கும் பிரைமருக்கும் கதிர் இறங்குகிறது. கூரையிலும் பானெட்டிலும் வெள்ளைத் திட்டுகளாகத் தோல் உரிந்து நிற்கும் பழைய கார்களைப் பார்த்திருப்பீர்கள். நிறம் போனதல்ல அது. தெளிபூச்சு உயிரை விட்டது. அதற்குப் பாலிஷ் மருந்தில்லை, மறுபடி பெயின்ட்தான்.

கீறலை நீக்கும் ஒவ்வொரு முறையும் திரும்பி வராத ஒன்றைச் செலவழிக்கிறோம். அதனால் கீறல் எங்கிருந்து வருகிறது என்பது முக்கியமாகிறது. நம் தெருப் புழுதியில் மணல் இருக்கிறது. மணல் என்பது பெரும்பாலும் குவார்ட்ஸ். மோஸ் அளவுகோலில் அதற்கு 7. நம் கைநகம் 2.5 அளவு. தெளிபூச்சை எளிதாகக் கீறக்கூடியது மணல். காலையில் புழுதி படிந்த காரை உலர்ந்த துணியாலோ, ஒரே வாளித் தண்ணீரில் திரும்பத் திரும்ப நனைத்த துணியாலோ துடைக்கும்போது, துணி ஒரு பொருட்டே அல்ல; துணிக்கும் பெயின்ட்டுக்கும் இடையே உருளாமல் இழுபடும் மணல்தான் வேலை செய்கிறது. அடுக்குமாடி வீடுகளில் ஒருவர் ஒரு வாளியை வைத்துக்கொண்டு பத்துப் பதினைந்து கார் துடைக்கிறார். முதல் காரின் மணல் கடைசிக் கார் வரை போகிறது. இரண்டு வாளியும் ஒரு ஹோஸும் கொடுக்காமல் அவரைக் குறை சொல்வது நியாயமில்லை.

இங்கே ‘9H’ பற்றியும் சொல்லவேண்டும். செராமிக் கோட்டிங் விற்பவர்கள் இந்த எண்ணைப் பெரிதாகப் போடுகிறார்கள். வைரம் 10, ஆகவே 9 என்றால் வைரத்துக்கு அடுத்தபடி என்று கேட்பவர் நினைத்துக்கொள்கிறார். இந்த 9H மோஸ் அளவுகோலைச் சேர்ந்ததே அல்ல. பெயின்ட் ஆய்வகங்களில் HB, 2H, 3H என்று கடினம் கூடிய பென்சில்களை வரிசையாக அழுத்தி இழுத்து, எந்தப் பென்சிலுக்குப் பூச்சு கீறாமல் நிற்கிறது என்று பார்ப்பார்கள். அந்த வரிசையின் கடைசிப் பென்சில் 9H. பென்சில் என்பது கிராஃபைட்டும் களிமண்ணும் சேர்ந்தது. மணல் அந்தப் பென்சிலையே கீறிவிடும். செராமிக் பூச்சால் நன்மை உண்டு. தண்ணீரும் அழுக்கும் ஒட்டாமல் வழுக்கிப் போகும், கழுவுவது சுலபம். ஆனால் ஓரிரு மைக்ரான் தடிமனுள்ள அந்தப் பூச்சு மணலை நிறுத்திவிடும் என்று நம்பிப் பணம் கட்டவேண்டாம்.

கீறல் தானே ஆறிப்போகும் பெயின்ட்டும் இருக்கிறது. 2005-இல் நிசான் நிறுவனம், நிப்பான் பெயின்ட்டோடு சேர்ந்து உருவாக்கிய ஒரு தெளிபூச்சை அறிவித்தது. அதில் மூலக்கூறு வலை வழக்கத்தைவிட மீள்தன்மை கூடியது. நசுங்கிய பள்ளம் ஒரு நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் மெல்ல நிமிர்ந்துவிடும் என்றார்கள். வெப்பம் கூடினால் விரைவாக நடக்கும். இன்று கார்களின்மேல் ஒட்டும் பாலியூரித்தேன் ஃபிலிமும் இதே கொள்கைப்படி வெந்நீர் பட்டதும் கீறலை விடுகிறது. பொருள் நசுங்கியிருந்தால் மட்டுமே இது நடக்கும். மணல் பிய்த்து எடுத்துப் போன இடத்தில் நிமிர்வதற்கு அங்கே ஒன்றுமில்லை.

ஆகவே வண்டி வைத்திருப்பவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். துணி பெயின்ட்டைத் தொடுவதற்கு முன் தண்ணீர் தொடவேண்டும். மேலிருந்து கீழாக ஊற்றி மணலை வழித்த பிறகே ஷாம்பும் மைக்ரோஃபைபர் துணியும். தண்ணீர் இல்லாத நாளில் புழுதியோடு விட்டுவிடுங்கள், பெயின்ட்டுக்குப் புழுதியால் அன்றைக்கு ஒன்றும் ஆகிவிடாது. இரண்டாவது, கடையில் பாலிஷ் முடிந்து வண்டி பளபளக்கும்போது உடனே பணத்தை எடுக்காதீர்கள். தண்ணீர் கலந்த ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலை மென்மையான துணியில் தொட்டு ஓர் இடத்தைத் துடைத்துக் காட்டச் சொல்லுங்கள். எண்ணெயும் மெழுகும் அதில் போய்விடும். செல்போன் டார்ச்சை அந்த இடத்தில் அடித்துப் பாருங்கள். கீறல் திரும்ப வரவில்லை என்றால் அவர் உண்மையாக வேலை செய்திருக்கிறார். கேட்ட தொகையைப் பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.